இரண்டாவது குளம்

செம்பனை ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளங்கள் ஐந்து.
லாரிகள் குலை கொட்டும் சத்தம் அதுவரை எட்டாது.
நாற்றம் மட்டும் சுங்கை மெராந்தி முழுக்க எட்டும்,
பெக்கானில் கோப்பிக் கடை மேசைவரை.

முதல் குளம் சுடும். ஐந்தாவதில் உடும்பு நீந்தும்.
எனக்கு வேண்டியது இரண்டாவது,
கரையோரம் சோறு கொதிப்பதுபோல்
நாள் முழுக்கக் கொப்பளிப்பது.

"ஜபாத்தான் ஆளா அக்கா?"
பம்ப் பார்க்கும் சர்குணன், இருபத்தாறு வயது,
தலைக்கவசத்தை அவசரமாக மாட்டிக்கொள்கிறான்.
இல்லப்பா, பாங்கியிலிருந்து. பல்கலைக்கழகம்.
"இந்தத் தண்ணி எதுக்கு?"
சனிக்கு, என்று சொல்லிவிட்டேன்.
"சனிக்கிழமைக்கா?"
சனி கிரகத்துக்கு. அதன் நிலா ஒன்றுக்கு.
அவன் பார்த்த பார்வையில்
ஏழரை ஆண்டும் இருந்தது.

சின்ன நிலா.
ஜொகூரில் பஸ் ஏறினால் ஈப்போ வருவதற்குள்
தீர்ந்துபோகிற அகலம்.
மேலே பனிக்கட்டி, உள்ளே இருட்டுக் கடல்.
தென்முனையில் நான்கு வெடிப்பு,
அவை வழியே கடல் வானத்தில் பீய்ச்சுகிறது.
ஒரு கலம் அந்தத் தூறலுக்குள் புகுந்து
நாக்கை நீட்டிப் பார்த்தது:
உப்பு. சவர்க்காரத் தண்ணீரின் வழவழப்பு.
கொஞ்சம் அம்மோனியா.
மணலின் மிக நுண்ணிய தூள்,
அடியில் எங்கோ கல் சுடுகிறது என்பதற்குச் சாட்சி.
ஹைட்ரஜன்.
அப்புறம் மீத்தேன்.

மீத்தேன்தான் வழக்கு.
கல்லும் தண்ணீரும் தனியாக இருந்தாலும் அது பிறக்கும்.
காற்றே படாமல் பிழைக்கும் பொடிசுகளும் அதை விடும்,
இதோ, இங்கே, என் காலடியில் விடுவதைப்போல.
முகத்தை வைத்துப் பிள்ளை யாருடையது
என்று சொல்ல முடியாது. எடை போட வேண்டும்.
உயிர் சோம்பேறி,
இலேசான கார்பனைத்தான் முதலில் எடுக்கும்,
கனமானதை மிச்சம் வைக்கும்.
அந்த மிச்சத்தின் கணக்குக்காகத்தான்
முழங்கால் சேற்றில் நிற்கிறேன்.

"அங்கயும் இப்படி நாறுமா?"
மீத்தேனுக்கு வாசனை கிடையாது. நாறுவது வேறு.
"நாத்தத்துக்குத்தான் எனக்குச் சம்பளம்,"
சிரித்துக்கொண்டே போனை எடுத்தான்.

குமிழிகள்.
இரவு ஷிப்டில் தூக்கம் வராமல் பிடித்த வீடியோக்கள்,
இரண்டு வருஷத்துக்கு, தேதியோடு, மணியோடு.
மழை நாளில் சோம்பல். வெயில் நாளில் கூட்டம்.
என் மாணவர்கள் யாரும்
ஒரு குளத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

பிறகு ஒன்றில் விரல் நின்றது.
சீனப் புத்தாண்டு, ஆலை மூடிய வாரம்.
தண்ணீர் கண்ணாடிபோல் கிடக்கிறது.
அடுத்த இரவும். அதற்கடுத்ததும்.
"பாய்லர் கழுவுன சோடாவ
ராத்திரியோட ராத்திரியா தொறந்து விட்டாங்க அக்கா.
மூணு நாள் மூச்சே இல்ல.
நிரம்பிப்போய் கொஞ்சம் ஆத்துக்கும் போச்சு."

எனக்குள் முதலில் எழுந்தது மகிழ்ச்சி.
அதை மறைக்கப் போவதில்லை.
உயிர் நின்றால் வாயு நிற்கும்:
இப்படியொரு சான்றுக்காக ஆறு ஆண்டு
கண்ணாடிக் குடுவைகளைக் கொன்றுகொண்டிருந்தேன்.
இரண்டாவதாகத்தான் ஆறு வந்தது.
காலையில் கடைத்தெரு இயந்திரத்தில்
இருபது சென் போட்டுத் தண்ணீர் பிடித்த பெண்,
குழாய்த் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டினால்
தோல் சிவக்கிறது என்று
யாரிடமும் இல்லாமல் சொன்னது.

வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டு
போனைச் சட்டையில் துடைத்தான்.
"அக்கா, இது சனிக்கு மட்டும்தானே?"

நூற்று நாற்பது கோடி கிலோமீட்டருக்கு
பதில் தயாராக வைத்திருக்கிறேன்.
ஆறு இங்கிருந்து அறுநூறு மீட்டர்.

பஸ்ஸில் மடிமேல் பெட்டி.
புட்டிகளுக்குள் அவை இன்னும் வேலை செய்கின்றன,
மூடிகளை உள்ளிருந்து தள்ளுகின்றன.
பெயர்ச்சீட்டில் நாள் எழுதிவிட்டேன், சூடு எழுதிவிட்டேன்.
"யாருக்கு அனுப்பப்படுகிறது" என்ற கட்டத்தில்
பேனா ஊன்றிய இடத்தில்
மை பரவிக்கொண்டே இருக்கிறது.